இரத்தக் குழாய் இல்லாத இடத்தில் ஒவ்வாமை

கண் ஒவ்வாமை பெரும்பாலும் சில நாள் தொல்லைதான். கண் அரிக்கும், சிவக்கும், நீர் கொட்டும். சொட்டு மருந்து விட்டதும் அடங்கிவிடும். பார்வைக்குக் கேடு வருவதில்லை. இந்த வழக்கத்துக்கு அடங்காத ஒரு வகை உண்டு. வெர்னல் எனப்படும் அந்த ஒவ்வாமை மத்தியதரைக் கடலோரம், மேற்காசியா, ஆப்பிரிக்கா, இந்தியத் துணைக்கண்டம் போன்ற வெப்பமான நிலப்பகுதிகளில் மிகுதி. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைப் பிடிக்கும். சிறுமியரைவிடச் சிறுவர்களை அதிகம் பிடிக்கும். நோய் முற்றினால் மேலிமையின் உட்புறம் பெரிய பெரிய புடைப்புகளாகத் தடித்துவிடும். சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஒன்று நடக்கும். கண்ணின் கரும்பகுதிக்கு முன்னால் இருக்கும் தெளிந்த படலத்தின் மேற்பாதியில் முட்டை வடிவத்தில் ஒரு புண் தோன்றும். மருத்துவர்கள் இதைக் கேடயப் புண் என்கிறார்கள். வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் இந்தப் புண், ஆறும்போது தழும்பை விட்டுச் செல்லக்கூடும்.

இந்தப் புண் தோன்றும் இடம்தான் புதிர். கார்னியா என்ற அந்தத் தெளிந்த படலம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம் கொண்டது. அதில் இரத்தக் குழாய் கிடையாது. ஒவ்வாமை என்றதும் பாடநூல்கள் காட்டும் மாஸ்ட் செல்களும் அதன் நடுப்பகுதியில் இல்லை. மனிதரின் ஒரு கண்ணிலும் அதைச் சுற்றியுள்ள திசுக்களிலும் சுமார் 5 கோடி மாஸ்ட் செல்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் வெள்ளைவிழியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் இமையிணைப் படலத்தில்தான் குடியிருக்கின்றன. மகரந்தமோ தூசியோ அங்கே வந்து படும்போது, அந்தச் செல்களின் மேல் ஒட்டியிருக்கும் ஐ.ஜி.இ. எதிர்ப்புரதம் அதைப் பிடிக்கிறது. உடனே ஹிஸ்டமின் கொட்டுகிறது, அரிப்பு தொடங்குகிறது. இந்த எதிர்ப்புரதத்தை 1960களின் நடுவில் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஹிஸ்டமினைத் தடுக்கும் சொட்டு மருந்துகள் இந்தக் கதையின் மேல்தான் நிற்கின்றன. சாதாரணப் பருவகால ஒவ்வாமைக்கு அந்தக் கதை போதும். குழாயும் மாஸ்ட் செல்லும் இல்லாத கார்னியாவில் ஏன் புண் வருகிறது என்பதற்கு அது போதாது.

உரசலா, நஞ்சா?

நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம் எளிமையானது. தடித்த மேலிமை ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கார்னியாவை உரசுகிறது, உரசிய இடம் புண்ணாகிறது. புண் மேற்பாதியில் வருவதும் இதற்குப் பொருந்தியது. உரசல் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நகம் பட்டோ மணல் விழுந்தோ கார்னியாவின் மேலடுக்கு சிராய்த்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து மூடிவிடும். உடலிலேயே மிக விரைவாக ஆறும் காயங்களில் அதுவும் ஒன்று. கேடயப் புண்ணில் அந்த நகர்வு நின்றுபோகிறது. ஏதோ ஒன்று செல்களை வரவிடாமல் தடுக்கிறது.

அந்த ஏதோ ஒன்றுக்கு 1993இல் ஒரு பெயர் கிடைத்தது. வெர்னல் நோயாளிகளின் கார்னியாப் புண்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அங்கே இயோசினோஃபில் என்ற வெள்ளணுவின் துகள்களிலிருந்து வரும் ஒரு புரதம் படிந்திருப்பதைக் கண்டார்கள். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளைக் கொல்ல உதவும் நச்சுப் புரதம் அது. சோதனைக்கூடத்தில் அதைக் கார்னியாவின் மேலடுக்குச் செல்களோடு சேர்த்தால் செல்கள் சேதமடைந்தன. காயத்தை மூட நகர்ந்து வருவதும் தடைபட்டது.

ரியாத்தின் கிங் காலித் கண் மருத்துவமனையில் பணியாற்றிய கேமரன் 1995இல் கேடயப் புண்களை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டியது இதோடு ஒத்துப்போகிறது. அடிப்பரப்பு தெளிவாக இருக்கும் புண் மருந்திலேயே ஆறிவிடுகிறது. அடியில் அழற்சிக் கழிவு தேங்கிய புண் ஆறத் தாமதமாகிறது. கழிவு இறுகித் தடிப்பாக எழும்பிவிட்டால் மருந்து மட்டும் போதாது. மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மேலடுக்கு மூடுகிறது.

புண்ணில் நஞ்சு இருக்கிறது, அதைக் கொண்டுவந்தது இயோசினோஃபில். அப்படியானால் இரத்தக் குழாயே இல்லாத இடத்துக்கு இயோசினோஃபிலை வரவழைத்தது யார்?

அடியிலிருந்து வரும் அழைப்பு

இதற்கான விடை ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நிஷிதா, குமகாய், ஃபுக்குடா ஆகியோரின் குழு இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் கார்னியாவின் செல்களைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வாமைச் சைட்டோகைன்களை அவற்றின்மேல் ஊற்றிப் பார்த்தது. சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் சமிக்ஞை. ஒவ்வாமையில் முதன்மையானவை இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற இரண்டு. உதவி டி செல்கள் சுரக்கும் இவை வெர்னல் நோயில் பங்கெடுப்பவை.

கார்னியாவில் மேலே 5 முதல் 7 வரிசைச் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட மேலடுக்கு இருக்கிறது. அதன் கீழே கொலாஜன் நார்களால் ஆன தடித்த நடு அடுக்கு. கார்னியாவின் கனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் அதுதான். அந்த நார்களுக்கிடையே அங்கங்கே தட்டையாகக் கிடப்பவை கெரட்டோசைட் செல்கள். அழற்சி வந்தால் இவை விழித்துக்கொண்டு ஃபைப்ரோபிளாஸ்டுகளாக மாறும். நாரை உற்பத்தி செய்வதும் செப்பனிடுவதும்தான் இவற்றின் வேலை என்று கருதப்பட்டு வந்தது. எதிர்ப்பாற்றலோடு இவற்றுக்குத் தொடர்பு இருக்குமென்று பலர் நினைத்ததில்லை.

யமகுச்சி குழுவின் சோதனைகளில் மேலடுக்குச் செல்கள் இன்டர்லூகின்-4, 13 இரண்டுக்கும் இயோசினோஃபிலை அழைக்கும் விதத்தில் மறுமொழி தரவில்லை. அடியிலிருந்த ஃபைப்ரோபிளாஸ்டுகள் தந்தன. இன்னொரு அழற்சிப் புரதமான டி.என்.எஃப்.-ஆல்ஃபாவையும் கூடச் சேர்த்தபோது, அந்தச் செல்கள் இயோடாக்சின் என்ற புரதத்தைப் பெருமளவில் சுரந்தன. இயோடாக்சின் எங்கே செறிவாக இருக்கிறதோ அந்தத் திசை நோக்கி இயோசினோஃபில் நகரும். அதோடு, வந்த வெள்ளணு ஒட்டிக்கொள்வதற்கான பிடிப்புப் புரதத்தையும் ஃபைப்ரோபிளாஸ்டுகள் தங்கள் மேற்பரப்பில் காட்டத் தொடங்கின. அழைப்பதும் அவையே, தங்க இடம் கொடுப்பதும் அவையே.

நோயின் போக்கு இங்கே விளங்கத் தொடங்குகிறது. மேலடுக்கின் வெளிவரிசைச் செல்களுக்கிடையே இறுக்கமான இணைப்புகள் உள்ளன. அவை ஒழுங்காக இருக்கும்வரை, கண்ணீரில் எத்தனை சைட்டோகைன் மிதந்தாலும் கீழே இறங்க முடியாது. ஃபைப்ரோபிளாஸ்டுகளுக்குச் செய்தி எட்டாது. மேலடுக்கு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால் சைட்டோகைன் நேராக நடு அடுக்கைத் தொடும். ஃபைப்ரோபிளாஸ்டுகள் இயோசினோஃபிலை அழைக்கும். வந்த இயோசினோஃபில் கொட்டும் நஞ்சு பக்கத்து மேலடுக்கையும் பெயர்க்கும். திறப்பு இன்னும் அகலும், இன்னும் சைட்டோகைன் இறங்கும். இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால், முதலில் அதைத் தூண்டிய மகரந்தம் காற்றில் இல்லாமல் போனாலும் புண் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

முதல் சமிக்ஞை

அந்தச் சைட்டோகைன்களைச் சுரக்கும் டி செல்களை ஒவ்வாமை வழிக்குத் திருப்பியது யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. உடலின் எல்லைகளில் இருக்கும் சாதாரண மேலடுக்குச் செல்கள்தான் பெரும்பாலும் அந்த முதல் சமிக்ஞையை அனுப்புகின்றன என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் தெளிவான செய்தி. கண்ணைவிடத் தோலிலும் மூச்சுக்குழாயிலும் இது முன்பே தெரிய வந்தது.

1994இல் எலியின் தைமஸ் சுரப்பியிலிருந்து வந்த செல்களில் டி.எஸ்.எல்.பி. என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. சில ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எக்ஸிமா நோயாளிகளின் தோல் செல்கள் அதை மிகுதியாகச் சுரக்கின்றன, அது கிளைச் செல்கள் எனும் எதிர்ப்புச் செல்களை உசுப்பி, டி செல்களை ஒவ்வாமை வழிக்குத் திருப்புகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு நிலைமையை மாற்றியது. 2005இல் இன்டர்லூகின்-33 சேர்ந்தது. இது வேறு மாதிரியான சமிக்ஞை. செல்லின் கருவுக்குள் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும். செல் உடைந்தால் வெளியே சிந்தும். எல்லையில் சேதம் நடந்திருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள எதிர்ப்புச் செல்களுக்கு அது உடனடியாகத் தெரிவித்துவிடும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பேலர் மருத்துவக் கல்லூரியின் டி-குவான் லீ, ஸ்டீஃபன் ஃப்ளுக்ஃபெல்டர் குழு 2009இல் மனித கார்னியாவின் மேலடுக்குச் செல்களும் டி.எஸ்.எல்.பி. சுரக்கின்றன என்று காட்டியது. நுண்ணுயிரிகளை அடையாளம் காணும் டோல் வகை ஏற்பிகள் தூண்டப்படும்போது அந்தச் சுரப்பு எழுந்தது. 2011இல் அவர்கள் ராக்வீட் செடியின் மகரந்தச் சாற்றை எலிகளின் கண்ணிலும், வளர்ப்பிலிருந்த கார்னியாச் செல்களிலும் இட்டார்கள். வட அமெரிக்காவில் கோடை முடிவில் லட்சக்கணக்கானோரைத் தும்மவைக்கும் செடி இது. டி.எஸ்.எல்.பி. உயர்ந்தது, அதைத் தொடர்ந்து ஒவ்வாமை அழற்சியும் வந்தது. நான்காம் டோல் ஏற்பி இல்லாத எலிகளில் இந்த விளைவு பெரிதும் குறைந்தது அல்லது இல்லாமலே போனது. மகரந்தத்தை ஐ.ஜி.இ. பிடிப்பதற்கு முன்பாகவே கண்ணின் மேலடுக்கு அதை ஓர் ஆபத்தாகப் படித்துவிடுகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

மகரந்தமும் தூசியும் சும்மா வந்து ஒட்டிக்கொள்பவையல்ல. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியின் முக்கிய ஒவ்வாமைப் புரதமே ஒரு நொதிதான். புரதங்களை வெட்டுவது அதன் தொழில். மூச்சுக்குழாயின் மேலடுக்கில் செல்களுக்கிடையேயான இறுக்க இணைப்புகளை அது அறுத்துத் திறக்கிறது என்று 1999இல் காட்டப்பட்டது. பல மகரந்தங்களிலும் இத்தகைய நொதிகள் உண்டு.

அடக்கி வைப்பதும் அதே செல்கள்

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், கார்னியா எப்போதும் கூச்சலிடத் தயாராக இருக்கும் உறுப்பு என்று தோன்றும். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. கண்ணின் மேற்பரப்பில் எந்நேரமும் பாக்டீரியாக்களும் அவற்றின் சிதைவுகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அழற்சி எழுந்தால் கார்னியா மங்கிவிடும்; பார்வை போய்விடும். ஜன்னல் கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். கார்னியாவின் தெளிவோ அதன் செல்கள் ஓயாமல் வேலை செய்வதால் காக்கப்படுவது.

கியோத்தோ மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மயூமி உவேதாவும் ஷிகேரு கினோஷிதாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த அமைதியின் ஒரு காரணத்தைச் சொன்னது. மனித கார்னியாவின் மேலடுக்குச் செல்களில் இரண்டாம், நான்காம் டோல் ஏற்பிகள் இருக்கின்றன. ஆனால் அவை செல்லின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே ஒதுங்கியிருக்கின்றன. அதனால் பாக்டீரியாச் சுவரின் பொருளைச் செல்லுக்கு வெளியே இட்டால் அழற்சி எழுவதில்லை. ஹூஸ்டன் குழு மகரந்தத்தால் எழுப்பிய அதே ஏற்பி, கியோத்தோவில் பாக்டீரியாப் பொருளுக்கு மௌனம் காத்தது. இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நிலையிலிருக்கும் செல்லைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே கண்ணின் பதில் மாறுகிறது.

கியோத்தோ குழு 2009இல் இன்னும் இரண்டு துண்டுகளைச் சேர்த்தது. வைரஸின் மரபுப் பொருளை அடையாளம் காணும் மூன்றாம் டோல் ஏற்பி எலிகளில் கண் ஒவ்வாமையின் பிற்கட்ட அழற்சியை வலுப்படுத்தியது. கண்ணின் மேலடுக்கிலிருக்கும் ப்ராஸ்டகிளாண்டின் என்ற சமிக்ஞைப் பொருளின் ஏற்பிகளில் ஒன்றோ அதே அழற்சியைக் குறைத்தது. ஒவ்வாமையைத் தூண்டும் ஏற்பாடும் அடக்கும் ஏற்பாடும் ஒரே திசுவில் இருக்கின்றன.

இந்தச் சமநிலையின் நுட்பத்தை ஒரு புது மருந்து எதிர்பாராத விதத்தில் வெளிப்படுத்தியது. இன்டர்லூகின்-4, 13 இரண்டின் சமிக்ஞையையும் ஒருசேர அடைக்கும் டூப்பிலுமாப் ஊசி 2017இல் எக்ஸிமாவுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலை அது நன்றாகவே ஆற்றியது. கண்ணுக்கும் நல்லது செய்யும் என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள். எக்ஸிமாச் சோதனைகளிலோ, மருந்து எடுத்தவர்களுக்குக் கண் அழற்சி அதிகமாக வந்தது. ஆஸ்துமா நோயாளிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்த சோதனைகளில் அது தென்படவில்லை. இமையிணைப் படலத்தில் சளிப்பொருளைச் சுரக்கும் கோப்பைச் செல்களுக்கு இன்டர்லூகின்-13 தேவைப்படுகிறது. சமிக்ஞையை முழுக்க அடைத்தால் அந்தச் செல்கள் குறைகின்றன, கண்ணீர்ப் படலம் கெடுகிறது என்பது இப்போது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களின் திசு மாதிரிகளில் கோப்பைச் செல்கள் அருகியிருந்ததும் அதற்குத் துணை நிற்கிறது.

கசக்கும் கை

ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 468 வெர்னல் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட தொகுப்பு, இந்திய நிலைமையைக் காட்டும் முக்கிய ஆவணம். நோயாளிகளின் சராசரி வயது 12. சுமார் 36 சதவீதத்தினருக்கு நோய் ஆண்டு முழுதும் நீடித்தது. தமக்கோ குடும்பத்தாருக்கோ வேறு ஒவ்வாமை இருந்ததாகச் சொன்னவர்கள் வெறும் 5 சதவீதம். மற்ற நாடுகளிலும் வெர்னல் நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குத் தோல் ஒவ்வாமைச் சோதனையில் எதுவும் தெரிவதில்லை. ஐ.ஜி.இ.யை மட்டும் வைத்து இந்த நோயை விளக்க முடியாது என்பதற்கும், கண்ணின் சொந்தச் செல்களைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் இதைவிட நேரடியான காரணம் இல்லை.

அரிக்கும் கண்ணைக் கசக்காத பிள்ளை கிடையாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013இல் ஒரு சிறு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமானவர்களை 60 விநாடி கண்ணைக் கசக்கச் சொல்லி, முன்னும் பின்னும் கண்ணீரை எடுத்து அளந்தார்கள். கொலாஜனை அரிக்கும் ஒரு நொதியும், இன்டர்லூகின்-6உம், டி.என்.எஃப்.-ஆல்ஃபாவும் கூடியிருந்தன. யமகுச்சி சோதனையில் ஃபைப்ரோபிளாஸ்டுகளை உசுப்ப இன்டர்லூகின்-4ஓடு கூடச் சேர்த்தது இந்த டி.என்.எஃப்.-ஆல்ஃபாவைத்தான். ஒவ்வாமைக் கண்ணில் இன்டர்லூகின்-4 ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதியைக் கை கொண்டுவந்து சேர்க்கிறது. கசக்கும் பழக்கம், கார்னியா கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயோடும் தொடர்புடையது. வெர்னல் பிள்ளைகளிடம் அந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

கூம்பல் முற்றினால் கார்னியா மாற்று அறுவை தேவைப்படலாம். எட்வர்ட் சிர்ம் 1905இல் முதல் வெற்றியைக் கண்ட நாளிலிருந்து, மாற்று உறுப்புகளில் கார்னியாவைத்தான் உடல் மிக எளிதில் ஏற்கிறது என்பது அனுபவம். அமெரிக்காவின் டெக்சஸில் ஜெரி நீடர்கார்ன் குழு, ஒவ்வாமையூட்டப்பட்ட எலிகளில் இந்தச் சலுகை குலைவதை 2005இல் காட்டியது. அவற்றின் உடல் மாற்று கார்னியாவை அதிக எண்ணிக்கையிலும் விரைவாகவும் நிராகரித்தது. ஒவ்வாமைக் கண்ணில் அறுவைக்கு முன்பு அழற்சியை அடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த மருந்து எந்த இடத்தில்

இந்தச் சமிக்ஞைகளின் வரிசையைத் தெரிந்துகொண்டால் மருந்துகளின் எல்லையும் விளங்கும். ஹிஸ்டமின் எதிர்ப்புச் சொட்டு அரிப்பைக் குறைக்கிறது. கசக்குவதும் அதனால் குறையும். ஆனால் ஃபைப்ரோபிளாஸ்டின் அழைப்பை அது தொடுவதில்லை. ஸ்டீராய்டு ஏறக்குறைய எல்லாப் படிகளையும் அடக்குகிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விட்டுவந்தால் கண்புரையும் கண்ணழுத்த நோயும் வரக்கூடும். வெர்னல் ஒவ்வாமை பெரும்பாலும் பருவ வயதைத் தாண்டியதும் தணிந்துவிடும், கண்ணழுத்தம் அழித்த நரம்போ திரும்புவதில்லை. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் டி செல்களை அடக்கி, இன்டர்லூகின்-4, 13 சுரப்பை ஊற்றிலேயே குறைக்கின்றன. ஜப்பான் 2008இல் டாக்ரோலிமஸ் சொட்டு மருந்தை வெர்னலுக்கு அனுமதித்தது. ஐரோப்பாவில் 2018இலும் அமெரிக்காவில் 2021இலும் இதற்கென்றே தயாரித்த சைக்ளோஸ்போரின் சொட்டு வந்தது. இந்த மருந்துகள் மெதுவாக வேலை செய்பவை. நோய் தணிந்ததுபோல் தெரிந்ததும் நிறுத்திவிட்டால் பயனில்லை.

வரிசையின் முதல் படியான டி.எஸ்.எல்.பி.யை அடைக்கும் டெசிபெலுமாப் ஊசி 2021இன் இறுதியில் கடும் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டூப்பிலுமாப் கண்ணில் செய்ததைப் பார்த்த பிறகு, மூச்சுக்குழாயில் பலித்தது கண்ணிலும் அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள மருத்துவர்கள் தயங்குவார்கள்.

மேலடுக்கு திறந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஃப்ளோரசின் சாயம் ஒரு சொட்டு, நீல ஒளி, பிளவு விளக்கு நுண்ணோக்கி ஆகியவை போதும். பெயர்ந்த இடம் பச்சையாக ஒளிரும். வீட்டிலிருப்பவர்களுக்கும் அடையாளம் உண்டு. அரிப்பு இமையிணைப் படலத்தின் குரல். கார்னியாவின் நரம்புகள் வலியையும் கூச்சத்தையும் சொல்பவை. வெறுமனே அரிக்கிறது என்று சொல்லிவந்த பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்க மறுத்தாலோ, கண் வலிக்கிறது, மங்கலாகத் தெரிகிறது என்றாலோ, சொட்டு மருந்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.